மோர்க்குழம்புக் கொலை வழக்கின் பொன்விழா

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அவருடைய அப்பா ஒரு கொலைகாரர் என்று, தெருவே கூடியிருக்கும்போது, மைக் பிடித்து நிரூபிப்பது அந்த வழிகளில் ஒன்று அல்ல. நான் அதைத்தான் செய்தேன். அதுவும் எப்போது? எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த மூன்றாவது வாரத்தில். அதுவும் எப்படி? அவரையே நடுவராக அழைத்து, மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு.

"தெரிந்தே செய்தீர்களா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வாய்ப்பு நாலைந்து தடவை வீடு தேடி வந்தது. அத்தனையையும் வாசலிலேயே நிறுத்தி, பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பினேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பர். காலையிலிருந்து மாலை வரை நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. நட்டும் போல்ட்டும் நம் பேச்சைக் கேட்டுக் கை தட்டாது என்பதால், சாயங்காலம் பாலக்கரையில் எங்கள் தெரு மன்றத்துக்குப் போய்ப் பேசுவேன். நான் ஒரு பெரிய பேச்சாளன் என்ற எண்ணம் அப்போது ஊரில் பரவியிருந்தது. (ஊரில் என்றால் என் மனசில்.)

மன்றத்துக்குத் தலைவர் அருளப்பன் அண்ணன். மைக் செட் கடை வைத்திருந்தார். அவர் தலைவரானதற்கு வேறு காரணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. கல்யாண சீசன் முடிந்து செட் சும்மா கிடந்தால் அவருக்குக் கை நமநமவென்று இருக்கும். எதையாவது கொண்டாடியாக வேண்டும். அப்படி ஒரு மாதத்தில், "தம்பி, அடுத்து என்ன விழா?" என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணே, மோர்க்குழம்புக் கொலை கேஸ் நடந்து இந்த வருஷத்தோட அம்பது வருஷம் ஆகுதுண்ணே."

"அப்ப பொன்விழான்னு சொல்லு!" என்று எழுந்தே விட்டார்.

"அண்ணே, அது கொலைண்ணே."

"இருக்கட்டுமேடா. அம்பது வருஷம் ஆனா பொன்விழாதானே?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் சரிதான்.

அந்தக் கேஸைத் தெரியாதவர்கள் அப்போது எங்கள் பக்கத்தில் கிடையாது. பாலக்கரையில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒரு முதலாளி, ஒரு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவர், விளக்கு வைப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். வயிற்றில் பாஷாணம் இருப்பதாக டாக்டர் சொன்னார். அன்றைக்கு இலையில் கடைசியாக விழுந்தது மோர்க்குழம்பு. அதை வைத்தவர் குப்புசாமி என்கிற சமையல்காரர். போலீஸ் குப்புசாமியைப் பிடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு கொலை நடந்தால் அடுத்த வாரமே அதைப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிப் பாடி விற்பார்கள். கொலைச் சிந்து என்று பெயர். மோர்க்குழம்புக் கொலைச் சிந்து சக்கைப்போடு போட்டது. அதில் ஒரு பிரதி என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அம்மாவுக்கு முழுப் பாட்டும் மனப்பாடம். அரிசி களையும்போது பாடுவாள். என்னைத் தூங்கவைக்கவும் அதையேதான் பாடியிருக்கிறாள்.

"மண்டி முதலாளி உண்ட மோர்க்குழம்பிலே
மாபாவி குப்புசாமி கலந்தான் நஞ்சு - அதைக்
கண்டு சிரித்ததாம் கல்லான நெஞ்சு"

என்று தொடங்கி, கடைசியில்,

"தூக்குக் கயிற்றிலே தொங்கினான் குப்புசாமி
பார்க்க வந்த ஊரெல்லாம் கைகள் கொட்ட"

என்று முடியும். (இந்த இடத்தில் நான் தூங்கியிருப்பேன் என்று அம்மா சொல்வாள்.)

வழக்காடு மன்றம் என்று முடிவாயிற்று. அரசுத் தரப்பு வக்கீல் நான். குப்புசாமிக்காக வாதாட முதலில் யாரும் முன்வரவில்லை. கடைசியில் என் நண்பன் தங்கராசுவைக் கட்டாயப்படுத்திச் சேர்த்தோம். நடுவராக யாரைப் போடுவது? இந்த இடத்தில்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

மூன்று வாரம் முன்பு நானும் அம்மாவும் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெயர் சுகந்தி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அம்மாமண்டபம் ரோட்டில் வீடு. அவளுடைய அப்பா வேணுகோபால், கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பிடித்திருந்தது என்று தரகர் சொன்னார். (தரகர்கள் வேறு எதையும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை என்றாலும் நான் நம்பினேன்.)

அம்மாவுக்கு மட்டும் ஒரே ஒரு குறை. சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தபோது, எங்களுக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு, வேணுகோபால் சார் தன் தட்டிலிருந்து முதல் கரண்டியை எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான், "சாப்பிடுங்க" என்றார்.

"விருந்தாளி கை வைக்கிறதுக்கு முன்னாடி அவரே எடுத்துப் போட்டுக்கறாருடா. நல்ல மனுஷந்தான், ஆனா அவ்வளவு பசியா?" என்று டவுன் பஸ்ஸில் பாலக்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பியவர்கள் மூன்று வாரமாக எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டறையில் அரை இஞ்ச் கேட்டவனுக்கு முக்கால் இஞ்ச் கொடுத்தேன். கோர்ட் மனிதர், அவரை நடுவராக அழைத்தால் மரியாதை செய்த மாதிரியும் இருக்கும், என் பேச்சைக் கேட்ட மாதிரியும் இருக்கும், பேச்சில் மயங்கிப் பெண்ணைக் கொடுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். "மோர்க்குழம்புக் கொலை வழக்குப் பொன்விழா, மாபெரும் வழக்காடு மன்றம், அனைவரும் வருக" என்று சிவப்பு மையில் இருந்தது.

வேணுகோபால் சார் நோட்டீஸை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"அரசுத் தரப்பு யாருங்க?"

"நான்தான் சார்!"

நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். "ரெக்கார்டெல்லாம் பாத்தீங்களா தம்பி? வேணும்னா நான் ஏற்பாடு பண்றேன். ரெக்கார்ட் ரூம்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"வேண்டாம் சார். என்கிட்ட முழு ஆதாரமும் இருக்கு" என்றேன். சட்டைப் பைக்குள் அம்மாவின் பாட்டுப் புத்தகம் இருந்தது. அதைத் தட்டிக்கூடக் காட்டினேன்.

உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த சுகந்தி, நோட்டீஸைப் பார்த்ததும் டம்ளர்களை டக்கென்று வைத்துவிட்டு, "அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள். பெண்களுக்குக் கொலை என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தன் டம்ளரை எடுத்து, முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு, "சாப்பிடுங்க தம்பி. நான் வரேன்" என்றார்.

விழா அன்று சாயங்காலம் தெரு முனையில் பந்தல், வாழை மரம், நாலு குழாய் ஒலிபெருக்கி. இரண்டு பெஞ்சை மறித்துக் குற்றவாளிக் கூண்டு. குப்புசாமியாக நிற்க யாரும் சம்மதிக்காததால் கூண்டு காலி. அதற்குப் பக்கத்தில் முக்காலி மேல் ஒரு பித்தளைத் தூக்கு. அதில் அம்மா வைத்த உண்மையான மோர்க்குழம்பு. சான்றுப் பொருள்! அது என் யோசனை. (அன்றைய எல்லா யோசனையுமே என்னுடையதுதான். வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.)

வேணுகோபால் சார் துணிப்பையும் கையுமாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே சுகந்தி. அவள் முன்வரிசையில், என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"எதிர்த் தரப்பு யாருங்க?" என்று சார் கேட்டார்.

அருளப்பன் அண்ணன் குனிந்து, "தங்கராசோட அக்கா பொண்ணுக்கு லால்குடில காதுகுத்துங்க சார். வர முடியலையாம். அதனால என்னங்க, கேஸ் சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்.

"அப்பவும் யாரும் வரல" என்றார் சார், தனக்குத் தானே. எனக்குக் கேட்டது. நான் யோசித்தேனா? மைக் என் கைக்கு வந்துவிட்டது.

என் பேச்சை இங்கே முழுதாக எழுதப்போவதில்லை. வயதான காலத்தில் எனக்கும் மானம் இருக்கிறது. "உண்ட வீட்டுக்கு இரண்டகம்" என்று தொடங்கி, "அந்தக் கரண்டி பிடித்த கை" என்று இழுத்து, தூக்கை உயர்த்திப் பிடித்து, "இது குழம்பா? இல்லை! இது நயவஞ்சகம்!" என்று முழங்கினேன். கை தட்டினார்கள். கை தட்டல் கேட்டால் நான் நிற்கிற ஆள் இல்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்து, தூக்குக் கயிறு வருகிற அடியை ராகத்தோடு பாடி, "ஊரே பார்க்கத் தூக்கில் தொங்கினானே, அதைவிடச் சாட்சி வேண்டுமா நடுவர் அவர்களே?" என்று முடித்தேன். முன்வரிசையில் என் அம்மா பெருமையோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் சுகந்தி தலையைக் குனிந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வேணுகோபால் சார் எழுந்தார். "அந்தத் தடயத்தக் கொஞ்சம் இப்படிக் குடுங்க" என்றார்.

தூக்கை நீட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினார். கூட்டம் சிரித்தது.

"வெண்டைக்கா போட்டிருக்கீங்க."

"ஆமா சார். அம்மா வெச்சது."

"நல்லாருக்கு. ஆனா எங்கப்பா வெள்ளப் பூசணிதான் போடுவாரு. அன்னைக்கும் பூசணிதான்."

எங்கப்பா, அன்றைக்கு, பூசணி. மூன்று சொல்லும் தனித்தனியாக உள்ளே நுழைந்து, ஒன்றாகச் சேர்ந்து நிற்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூட்டம் என்னை முந்திக்கொண்டு புரிந்துகொண்டது. 

"குப்புசாமி எங்கப்பாதாங்க" என்றார் அவர். கோபமில்லாத குரல். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அவரு தூக்குல சாகலை. இங்க கோர்ட்ல தூக்குன்னுதான் சொன்னாங்க. மெட்ராஸ் ஐகோர்ட்ல, சந்தேகத்துக்கு எடமில்லாம நிரூபிக்கலைன்னு விடுதலை பண்ணிட்டாங்க. ஆனா பாட்டு அதுக்கு முன்னாடியே, தூக்குல போட்டாச்சுன்னு அச்சாயிடுச்சு. பாட்டு நல்லாருந்துச்சு. ஜனங்க அதையே வெச்சுக்கிட்டாங்க."

துணிப்பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். "கோர்ட்ல வேலைக்குச் சேந்த முதல் வருஷமே தேடி எடுத்து, என் கையால எழுதின நகல். அந்த முதலாளி தெனம் வைத்தியர் குடுத்த ஏதோ பஸ்பம் சாப்பிடுவாரு. பாஷாணம் அதுலேருந்தும் வந்திருக்கலாம்னு இதுல எழுதியிருக்கு. அன்னைக்கு வெச்ச குழம்புல மீதிய எங்கப்பா ஒரு கிண்ணத்துல வாங்கிட்டு வந்து, வீட்ல ஒரு பையனுக்குச் சோத்துல பிசைஞ்சு குடுத்தாரு. அந்தப் பையனுக்கு அப்ப எட்டு வயசு. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை."

தூக்கை முக்காலியில் வைத்துவிட்டு, காலியாக இருந்த கூண்டுக்குள் போய் நின்றார்.

"தம்பி, அந்தக் கேஸுக்குத் தடயம் இந்தத் தூக்கு இல்லீங்க. நான்தான்."

எனக்குப் பக்கத்தில் அருளப்பன் அண்ணன் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "டேய், இப்பப் போடலாமா, அப்புறமா?" என்று காதில் கேட்டார். (விழா என்றால் நடுவருக்கு ஒரு பொன்னாடை. அதற்குமேல் அவருக்கு எதுவும் ஓடவில்லை.) நான் மைக்கைப் பிடித்து, "வழக்கை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்" என்றேன். அந்த நேரம் பார்த்து மைக் 'கீ' என்று ஊளையிட்டது. எனக்குப் பதிலாக அதுவாவது அழுதது.

"அதெப்படிங்க முடியும்? அம்பது வருஷம் நடந்திருக்கு" என்று சிரித்தார். "எங்கப்பா ஜெயில்லேருந்து வெளிய வந்த அன்னைக்கு, இந்தப் பாலக்கரை கடைவீதிலதான் நடந்து வந்தாரு. பாட்டு விக்கிறவரு ஒருத்தரு எதுக்க வந்து, 'அண்ணே, மோர்க்குழம்புக் கொலை, சூடா இருக்கு, வாங்கிக்குங்க'ன்னு அவர்கிட்டயே நீட்டினாராம். அப்பா வாங்கிட்டாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டினேன். தூக்குல போடற எடம் வந்ததும் நிறுத்திட்டேன். அப்பா என் முதுகத் தடவி, 'படிடா, நல்லாத்தானே எழுதியிருக்கான்'னாரு."

அந்த இடத்தில் கையிலிருந்த காகிதங்களை மறுபடி மடித்துக்கொண்டார். முன்வரிசையில் என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருடம் அவள் பாடிய பாட்டு.

"அதுக்கப்புறம் இருபது வருஷம் இருந்தாரு. ஊர்ல ஒரு வீட்லயும் அவர சமையலுக்குக் கூப்பிடலை. எங்களுக்கு மட்டும் சமைச்சுப் போட்டாரு. தீர்ப்புங்க: குப்புசாமி நிரபராதி. அரசுத் தரப்பு வக்கீல் வர்ற ஞாயித்துக்கெழம அவங்க அம்மாவோட எங்க வீட்டுக்கு வந்து, பூசணிக்கா மோர்க்குழம்பு சாப்பிட்டுட்டுப் போகணும்."

முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அண்ணன் ஒருவழியாகப் பொன்னாடையைப் போட்டார். சார் கூண்டிலிருந்து வெளியே வந்து, அதைக் கழற்றி மடித்து, காலியான கூண்டின் பெஞ்ச் மேல் வைத்தார்.

நான் மேடைக்குப் பின்னால் போய், ஆம்ப்ளிபையர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டேன். சுகந்தி அங்கேயே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"இங்க என்ன பண்றீங்க?"

"பூமி பிளக்குமான்னு பாக்கறேன்."

"அது பிளக்காது. போய் அப்பாகிட்ட பேசுங்க. நல்லாத் திட்டணும்னுதான் வந்தேன். ஆனா அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை." சொல்லிவிட்டு, "ராகம் கூட ஒழுங்கா வரலை உங்களுக்கு" என்றாள்.

அவரிடம் போய் நின்றேன்.   அவரே என் தோளில் கை வைத்தார். "உங்க வீட்டுக்கு இத எப்படிச் சொல்றதுன்னு மூணு வாரமா தூங்கலைங்க தம்பி. சொல்லாம பொண்ணக் குடுக்க மனசு வரலை. நீங்களே மைக் செட் போட்டுக் கூப்பிட்டீங்க. இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே யோசிக்க வேண்டியது நீங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிளம்பும்போது அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "நல்ல மனுஷந்தான். இருந்தாலும், பாத்துச் சாப்பிடு" என்றாள்.

"அம்மா!"

"என்னடா பண்றது? முப்பது வருஷம் பாடிட்டேன். நாக்கு சட்டுனு கேக்க மாட்டேங்குது."

ஸ்ரீரங்கத்து வீட்டில் இலை போட்டார்கள். சமையல் முழுக்க வேணுகோபால் சார் கை. எனக்கு ஒரு பக்கம் அம்மா, எதிரே அவர். சுகந்தி சாதம் பரிமாறினாள், மோர்க்குழம்பு ஊற்றினாள். இளமஞ்சள் நிறம், கண்ணாடி மாதிரிப் பூசணித் துண்டுகள், மேலே கறிவேப்பிலை. மணம் மூக்கைத் துளைத்தது. பிசைந்தேன். எடுத்தேன்.

வாய்க்குப் போகிற வழியில் என் கை நின்றது.

ஒரு நொடிதான். அதைவிடக் குறைவாகக்கூட இருக்கும். நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. தாலாட்டில் கேட்ட பாட்டு கைக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. சுகந்தி பார்த்துவிட்டாள். கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. வாழ்க்கையில் எத்தனையோ தடவை அவமானப்பட்டிருக்கிறேன். மேடையில் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"இருங்க" என்றார் வேணுகோபால் சார், ரொம்ப இயல்பாக. தன் இலையில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். மென்று விழுங்கினார். "இப்ப சாப்பிடுங்க. எங்க வீட்ல யாரு வந்தாலும் நாங்கதான் முதல்ல சாப்பிடுவோம். அப்பா காலத்துலேருந்து பழக்கம். வந்தவங்களுக்கு மனசுல ஒண்ணும் இருக்கக் கூடாதுல்ல."

அப்போதுதான் எனக்கு அந்தச் சொஜ்ஜி நினைவுக்கு வந்தது. அந்தக் காபி நினைவுக்கு வந்தது. ஐம்பது வருடமாக, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவர் முன்னாலும், ஒரு சொஜ்ஜிக்கும் ஒரு வாய்க் காபிக்கும்கூட, தன் அப்பா கொலைகாரர் இல்லை என்று அந்த மனிதர் நிரூபித்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் கேட்காமலே.

அம்மா எனக்கு முன்னால் புரிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து பொட்டுப் பொட்டாக இலையில் விழுந்தது. "அண்ணே, அன்னைக்கு நீங்க முதல்ல எடுத்துச் சாப்பிட்டீங்கன்னு பஸ் பூராவும் உங்களப் பேசிட்டே போனேன். என்ன மன்னிச்சிடுங்க" என்றாள்.

"பசின்னு நெனச்சீங்களா?"

"ஆமாண்ணே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நான் குனிந்து, இலையில் இருந்ததை மூன்றே வாயில் முடித்துவிட்டு, "சார், இனிமே இந்த வீட்ல யாரு வந்தாலும் முதல் வாய் நான் சாப்பிடறேன். நீங்க விருந்தாளிகூட உக்காந்து நிதானமா சாப்பிடுங்க" என்றேன். நாக்கு வெந்து கண்ணில் தண்ணீர் வந்தது. (குழம்பு கொதிக்கக் கொதிக்க இருந்தது. கண்ணீருக்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்.)

"இனிமேன்னா?" என்றாள் சுகந்தி. "எத்தன நாளைக்கு?"

"ஆயுசு பூரா" என்றேன். அதுதான் நான் பெண் கேட்ட விதம். சுகந்தி என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

கல்யாணத்துக்கு மைக் செட் அருளப்பன் அண்ணனுடையதுதான். என் கைக்கு மட்டும் மைக் வரக் கூடாது என்பது பெண் வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கு இலை போட்டாலும், என் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அரசுத் தரப்பு சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். நான் ஒரு வாய் போட்டுக்கொண்டு தலையை ஆட்டுவேன். "ஆள் உயிரோடதான் இருக்காரு, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் எல்லோருக்கும் கடைசியாக, அவசரமில்லாமல் சாப்பிடுவார். கடைசி வரைக்கும் அப்படித்தான் சாப்பிட்டார். அவர் போன பிறகு அந்தக் கேள்வியை சுகந்தி கேட்டாள். பிறகு எங்கள் பெண் மலர் கேட்டாள்.

மலரின் கல்யாணத்தில் முதல் பந்திக்குச் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்தார்கள். மோர்க்குழம்பு, பூசணிக்காய் போட்டது. பழக்க தோஷத்தில் நான் பந்தியின் ஓரத்தில் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் கை வைப்பதற்கு முன்னால் முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை, அடுத்த இலைக்காரியிடம் குசுகுசுவென்று சொன்னது காதில் விழுந்தது.

"பொண்ணோட அப்பா பாரேன். நம்மளுக்கு முன்னாடி அவரே எடுத்துப் போட்டுக்கறாரு. அவ்வளவு பசியா?"

எதிரே பரிமாறிக்கொண்டிருந்த சுகந்தி என்னைப் பார்த்தாள். கரண்டியோடு நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "ஆமாங்க, ரொம்பப் பசி" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.